மண்ணுள் வாழும் நுணல்

(இளையரசனேந்தலில் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

    

இலக்கிய விழாவில் தவளையைப் பற்றி ஓர் உரையா என்னும் வியப்பு அவையில் எழுதல் இயல்பே. ஆயினும், புல்லையும் புழுவையும் பொருளாகக் கருதிப் பாடிய புலவர் மரபு தமிழ் மரபு. அம்மரபில் வந்தோர்க்கு எவ்வுயிரும் புறம்பானதன்று.

இவ்வூரின் கரிசல் வெளியில் நின்று மேற்கே நோக்குவார்க்கு, மழை பெய்து வானம் வெளுத்த நாளில், மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நீலக்கோடாகத் தோன்றும். அக்கோட்டின் வடபால் அமைந்தவை திருவில்லிபுத்தூர் மலைகள். பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய ஊரின் பெயரால் இலக்கிய உலகம் நன்கறிந்த அம்மலைச்சாரல், 2017-ஆம் ஆண்டு முதல் உயிரியல் உலகிலும் தனியிடம் பெற்றுள்ளது. அதுவரை அறிவியல் ஏடுகளில் இடம்பெறாத ஒரு தவளையினம் அவ்வாண்டில் அங்கிருந்து உலகுக்கு அறிவிக்கப்பெற்றது. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள்ளேயே கழிக்கும் அத்தவளையை, மலையடியில் வாழ்வோருள்ளும் பலர் அறியார். அவ்வுயிர் எத்தகையது, தமிழ்ச் சொல்லுக்கும் அதற்கும் உள்ள உறவு யாது, பெயர் அறியப்படாத உயிரைக் காத்தல் எங்ஙனம் என்னும் மூன்று வினாக்களை இவ்வுரை எடுத்துக்கொள்கிறது.

நுணலும் வழக்கும்

தவளை, தேரை, நுணல் என்னும் மூன்று சொற்களும் தமிழில் பழமையானவை. இவற்றுள் தவளையும் தேரையும் இன்றும் வழக்கில் உள்ளன. நுணல் என்னும் சொல்லோ பேச்சு வழக்கினின்று பெரிதும் நீங்கி, ஒரு பழமொழிக்குள் மட்டும் ஒதுங்கி வாழ்கிறது. தன் வாயாலேயே தான் கெடும் உயிர் என்று நுணலைக் காட்டும் அப்பழமொழியை அறியாத தமிழர் இலர்.

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய பழமொழி நானூறு இப்பழமொழியை எடுத்தாளும் இடத்தில், நுணல் மணலுக்குள் புதைந்து வாழ்வது என்னும் செய்தியையும் சேர்த்தே தருகிறது. கண்ணுக்குப் புலப்படாது பாதுகாப்பாக இருந்த உயிர், குரல் கொடுத்துத் தன் இருப்பிடத்தைக் காட்டிக்கொள்கிறது. அக்குரலைக் கேட்டோர் அதனைப் பற்றிக்கொள்கின்றனர். நாவடக்கத்தை வலியுறுத்த வந்த உவமை இது. எனினும், மண்ணுக்குள் வாழும் ஒரு தவளை உண்டு என்பதையும், அதனை அதன் குரலாலேயே கண்டுபிடிக்க இயலும் என்பதையும் அப்புலவர் அறிந்திருந்தார் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. சமவெளியிலும் கோடை முழுவதும் மண்ணுக்குள் அடங்கியிருந்து, முதல் மழைக்கு வெளிவந்து குரலெழுப்பும் தவளைகள் உள்ளன. ஆதலின், புலவர் கண்ட நுணல் மலைநுணல்தான் என்று அறுதியிட்டு உரைத்தல் ஆகாது. மண்ணுள் வாழும் தவளைக்குத் தமிழில் தக்கதொரு சொல் உண்டு என்பதே இங்கு வேண்டப்படும் கருத்தாகும்.

குறுந்தொகையிலும் ஒரு மலைத்தேரை குரல் கொடுக்கிறது. அரிசில்கிழார் பாடிய குறிஞ்சிப் பாட்டு ஒன்றில், சிறுவாய்ச் சுனையில் ஒலிக்கும் தேரையின் குரல், தினைப்புனத்தில் கிளி ஓட்டுவோர் அடிக்கும் தட்டைப் பறையின் ஒலிக்கு ஒப்பிடப்படுகிறது. உருவத்தை விடுத்துக் குரலை உவமித்த அப்புலவரின் செவிநுட்பம் போற்றத்தக்கது. இன்றைய உயிரியலாளரும் ஒரு தவளையினத்தை மற்றொன்றினின்று பிரித்தறியக் குரலைப் பதிவு செய்து ஆராய்கின்றனர்.

பழமொழி நுணலுக்கு நேர்மாறான ஒரு தவளை செவிவழிக் கதையில் உண்டு. நீராடச் சென்ற இராமபிரான் தம் வில்லை மண்ணில் ஊன்றிச் சென்றார். திரும்பி வந்து எடுத்தபோது அதன் முனையில் குருதி படிந்திருந்தது. மண்ணுக்குள் இருந்த தவளை ஒன்று குத்துண்டு கிடந்தது. “ஏன் குரல் கொடுக்கவில்லை?” என்று இராமபிரான் வினவ, “பிறர் துன்புறுத்தினால் இராமா என்று அழைப்பேன்; இராமனே துன்புறுத்தினால் யாரை அழைப்பேன்?” என்று அது விடையிறுத்ததாம். கதாகாலட்சேப மேடைகளில் பலகாலும் சொல்லப்பெற்ற கதை இது. பழமொழியின் தவளை பேசியதால் கெட்டது. கதையின் தவளை பேசாமையால் கெட்டது. மேற்கு மலையின் நுணலுக்கு இவ்விரண்டனுள் எது பொருந்தும் என்பதைப் பின்னர்க் காணலாம்.

இளமை முன்னும் தாய் பின்னும்

தொல்காப்பியரின் மரபியல், உயிர்களின் இளமைப் பெயர்களைக் கூறித் தொடங்குகிறது. இந்நுணலின் வரலாறும் இளமையிலிருந்தே தொடங்குகிறது எனலாம். 1918-ஆம் ஆண்டு வாக்கில், இந்திய விலங்கியல் அளவைத் துறையின் முதல் இயக்குநராகிய நெல்சன் ஆனந்தேலும், சி. ஆர். நாராயண ராவும் தென்னிந்திய மலைகளின் தலைப்பிரட்டைகளை ஆராய்ந்தனர். அவற்றுள் ஒருவகை, வாயை உறிஞ்சுகுழி போல் அமைத்துப் பாறையைப் பற்றிக்கொண்டு, கடுவிசையோடு பாயும் அருவி நீரிலும் அடித்துச் செல்லப்படாது நிற்பது. குஞ்சு ஏட்டில் ஏறிவிட்டது. அதன் தாய் இன்னதென்று அப்போது அறியப்படவில்லை.

ஏறத்தாழ 85 ஆண்டுகள் கழிந்தன. 2003-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், ‘நேச்சர்’ என்னும் உலகப் புகழ்பெற்ற அறிவியல் இதழில், எஸ். டி. பிஜுவும் பெல்ஜிய நாட்டு ஆய்வாளர் பிராங்கி போசூட்டும் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் கண்ட ஒரு புதிய தவளையை அறிமுகப்படுத்தினர். முன்பே அறியப்பட்டிருந்த எந்தத் தவளைக் குடும்பத்திலும் அது அடங்கவில்லை. ஆதலின் அதற்கெனப் புதிய குடும்பமே வகுக்கப்பட்டது. நாசிகாபட்ராகஸ் சஃயாத்ரென்சிஸ் என்பது அதற்கு இட்ட பெயர். பழைய ஏடுகளில் கண்ட தலைப்பிரட்டை இதன் குஞ்சே என்பது பின்னர் வந்த ஆய்வுகளால் தெளிவாயிற்று.

2017-ஆம் ஆண்டில் இப்பேரினத்தின் இரண்டாம் இனம் அறியப்பட்டது. ஜனனி, கார்த்திகேயன் வாசுதேவன், எலிசபெத் பிரெண்டினி, சுசீல் குமார் தத்தா, ரமேஷ் அகர்வால் ஆகியோர் ‘அலைட்ஸ்’ என்னும் ஆய்விதழில் அதனை விளக்கினர். அவ்வினம் கண்டறியப்பட்ட இடம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழைச்சரிவு. திருவில்லிபுத்தூர்ச் சாம்பல் நிற மலையணில் சரணாலயத்தை ஒட்டிய பகுதி. உடலமைப்பு, குரல், மரபணு ஆகிய மூன்றாலும் அது கேரளத்து இனத்தினின்று வேறுபட்டது என்பது அவர்தம் முடிபு.

உருவும் வாழ்வும்

இத்தவளையின் தோற்றம் தவளை என்றதும் மனத்தில் எழும் தோற்றத்திற்கு முற்றும் மாறானது. ஊதிப் பருத்த உடல். கருநீலமும் செம்மையும் கலந்த ஊதா நிறம். பன்றியின் மூக்கைப் போல் முன்நீண்ட கூரிய மூக்கு. மிகச் சிறிய கண்கள். கீழைச்சரிவின் இனத்திற்கு அக்கண்களைச் சுற்றி வெளிர்நீல வளையம். கால்கள் குட்டையானவை. தாவுதல் இதற்கு இயல்பன்று. மண்ணைத் தோண்டுதலே இயல்பு. பின்னங்கால்களில் மண்வெட்டி போன்ற புடைப்பு உண்டு. அதனால் மண்ணைத் தள்ளி, பின்னோக்கியே நிலத்துள் இறங்கும். 1 மீட்டருக்கும் கீழான ஆழத்தில் ஈரமண்ணில் வாழும். கறையானும் எறும்பும் அதன் உணவு. மூக்கால் மண்ணைத் துழாவி, நாவால் அவற்றை உறிஞ்சிக்கொள்ளும்.

மழைக்காலத் தொடக்கத்தில் மட்டும் இவ்வாழ்வு மாறுகிறது. ஓடைக்கரையில், மண்ணுக்குள் இருந்தபடியே ஆண் குரலெழுப்புகிறது. கேரளத்து இனத்தின் குரல் கோழி கொக்கரிப்பதைப் போன்றது என்பர். ஆண், பெண்ணைவிட உருவில் மிகச் சிறியது. பெண்ணின் முதுகைப் பற்றிக்கொள்ள, இரண்டும் ஓடைக்குச் செல்கின்றன. பாறை இடுக்கு நீரில் முட்டைகள் இடப்படுகின்றன; அவை ஆயிரக்கணக்கில் அமையும். ஒரு சில நாள்களில் யாவும் முடிந்துவிடும். முதிர்ந்த தவளைகள் மீண்டும் மண்ணுக்குள் மறைந்துவிடுகின்றன. தலைப்பிரட்டைகளோ ஏறத்தாழ நான்கு திங்கள் பாறையைப் பற்றியபடி பாய்நீரில் வளர்ந்து, உருமாறி, பின் தாமும் மண்ணைத் தேடுகின்றன.

தவளைப் பாய்த்து

நன்னூல் கற்றோர்க்குச் சூத்திரங்களின் நிலை நான்கு என்பது தெரியும். ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், பருந்தின் வீழ்வு என்பவற்றோடு தவளைப் பாய்த்து என்பதும் அவற்றுள் ஒன்று. இடையில் உள்ளவற்றைத் தாண்டித் தொலைவில் உள்ள ஒன்றோடு பொருள்கொள்ளும் நிலை அது. தாவ அறியாத இந்நுணலின் உறவுமுறை, தவளைப் பாய்த்துக்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டாக அமைந்திருப்பது வியப்பினும் வியப்பே.

இப்பேரினத்தின் நெருங்கிய உறவினங்கள் தமிழகத்தில் இல்லை. இந்தியாவின் வேறு எப்பகுதியிலும் இல்லை. 2,500 கிலோமீட்டருக்கும் அப்பால், இந்தியப் பெருங்கடலின் நடுவே உள்ள செய்செல்சுத் தீவுகளில் வாழும் சிறு தவளைகளே இதன் உறவினர். கடல்நீரில் நீந்தும் ஆற்றல் தவளைக்கு இல்லை. அவ்வாறாயின் உறவு எங்ஙனம் வந்தது? இந்தியா, மடகாசுகர், செய்செல்சு, ஆப்பிரிக்கா ஆகியன ஒரே பெருநிலமாக இருந்த காலம் ஒன்று உண்டு. அப்பெருநிலத்தை நிலவியலார் கோண்ட்வானா என்பர். இந்தியாவும் செய்செல்சும் ஏறத்தாழ 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒன்றைவிட்டு ஒன்று விலகின. இவ்விரு தவளைக் குடும்பங்களின் பிரிவு அதனினும் மிகப் பழமையானது. 2003-ஆம் ஆண்டு ஆய்வு அதனை ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டதாகக் கணக்கிட்டது. தவளை கடலைத் தாண்டவில்லை. தவளை நின்ற நிலமே நகர்ந்தது என்க.

இவ்விடத்தில் ஒரு கருத்தைத் தெளிவுறுத்தல் வேண்டும். கடலுக்கு அப்பால் உறவு என்றவுடன் குமரிக்கண்டத்திற்குச் சான்று கிடைத்துவிட்டது என்று மகிழ்தல் தமிழ் மேடைகளில் நிகழக்கூடியதே. லெமூரியா என்னும் பெயரே இத்தகைய ஒரு வினாவிலிருந்து பிறந்ததுதான். மடகாசுகரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகளும் அவற்றின் எச்சங்களும் காணப்படுவதற்குக் காரணம் கூற வந்த பிலிப் இசுகிளேட்டர், 1864-இல் கடலுள் மூழ்கிய ஒரு நிலத்தைக் கற்பித்து அப்பெயரை இட்டார். பின்னாளில் கண்டங்கள் நகர்கின்றன என்னும் உண்மை நிறுவப்பட்டதும் அக்கற்பிதத்திற்குத் தேவை இல்லாது போயிற்று. கோண்ட்வானா பிரிந்த காலத்தில் மனித இனமே தோன்றியிருக்கவில்லை. எனவே இந்நுணல் சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த நிலத்திற்குச் சான்று ஆகாது. தமிழின் பெருமைக்கு அச்சான்று வேண்டுவதுமன்று. மாந்தர் தோன்றுவதற்கும், மலை இன்றைய வடிவம் பெறுவதற்கும் முன்பே இவ்வழியில் வந்த உயிர் இன்றும் வாழ்கிறது என்னும் உண்மையே போதிய பெருமையாகும்.

செய்செல்சில் வாழும் இதன் உறவினங்களுள் ஒன்று கார்டினர் தவளை. அதன் நீளம் ஏறத்தாழ 1 செ.மீ. மட்டுமே. நடுச்செவி இல்லாத அத்தவளை, தன் வாய்க்குழியை ஒலி பெருக்கும் கூடாகக் கொண்டு ஒலியை உணர்கிறது என்பது 2013-இல் வெளிவந்த ஆய்வின் முடிபு. பழமொழியின் நுணல் தன் வாயால் கெடுகிறது. மலைநுணலின் கடல்கடந்த உறவோ தன் வாயால் கேட்கிறது.

இரு மழை, இரு நுணல்

கேரளத்து இனமும் திருவில்லிபுத்தூர் இனமும் ஒரே மலைத்தொடரின் இருபுறத்தன. இவற்றைப் பிரித்து நிறுத்தியது எது? மேலைச்சரிவில் தென்மேற்குப் பருவமழை பெய்கிறது. அம்மழையின் மறைவுப் புறமாகிய கீழைச்சரிவு வடகிழக்குப் பருவமழையால் பெரிதும் வாழ்கிறது. மழைக்காலம் வேறுபடவே இணைசேரும் காலமும் வேறுபடும். காலம் வேறுபடின் ஒன்றையொன்று கூடுதல் இல்லை. இவ்வாறு, மழையே இரண்டிற்கும் இடையே வேலியாக அமைந்தது என்பது 2017-ஆம் ஆண்டு ஆய்வாளரின் கருத்து.

இக்கருத்து கரிசல் நிலத்தார்க்கு மிக நெருக்கமானது. புரட்டாசியிலும் ஐப்பசியிலும் வானம் பார்த்து விதைப்பவர் கரிசல் உழவர். மேற்கே சாரல் பொழிந்து அருவிகள் ஆர்ப்பரிக்கும் ஆனி, ஆடியில் இம்மண் காற்றை மட்டுமே பெறும். கீழைக்காற்று திரும்பி, மேகம் கிழக்கிலிருந்து ஏறும்போதுதான் இங்கு ஏர் பூட்டப்படும். அந்த மழையையே மலையில் அந்நுணலும் மண்ணுக்குள் எதிர்நோக்கியிருக்கிறது. உழவர் விதையை மண்ணில் இடும் பருவமும், மண்ணுக்குள் இருந்த உயிர் வெளிவரும் பருவமும் ஒரே மழையால் இணைகின்றன.

மழை பொய்த்தால் உழவர்க்கு ஒரு போகம் போகும். நுணலுக்கு ஒரு தலைமுறை போகும். தலைப்பிரட்டை உருமாறும் வரையில் ஓடை ஓடிக்கொண்டிருத்தல் வேண்டும். இடையில் நீர் நின்றுவிட்டால், பாறையைப் பற்றிய குஞ்சுகள் பாறையிலேயே காய்ந்துபோகும். மழை குறைவதால் மட்டும் இது நேர்வதன்று. ஓடையை மறித்தல், கரைமண்ணை அகழ்தல், காட்டை வெட்டித் தோட்டமாக்குதல், ஓடையின் குறுக்கே சாலை இடுதல் ஆகிய ஒவ்வொன்றும் அதே கேட்டை விளைக்கவல்லது. வைப்பாறும் அதன் கிளையாறுகளும் இம்மேற்கு மலைகளில் தோன்றியே சாத்தூர் வழியாகக் கீழைக்கடல் நோக்கிச் செல்கின்றன. மேலே நுணலின் ஓடை வற்றினால் கீழே கரிசலின் கண்மாயும் வற்றும். எனவே, நுணலைக் காத்தல் என்பது தொலைவில் உள்ள ஏதோ ஓர் உயிர்க்குச் செய்யும் அறம் மட்டுமன்று.

பெயரும் காப்பும்

2017-இல் இத்தவளைக்கு இடப்பட்ட அறிவியற் பெயர் நாசிகாபட்ராகஸ் பூபதி என்பது. நாசிகா என்பது மூக்கைக் குறிக்கும் வடசொல். பட்ராகஸ் என்பது தவளையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வடிவம். பூபதி என்பது சுப்பிரமணியம் பூபதி என்னும் உயிரியலாளரின் நினைவைப் போற்றுவது. கோவையில் உள்ள சாலிம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையத்தில் பணியாற்றி, ஊர்வனவற்றையும் நீர்நில வாழ்வனவற்றையும் ஆராய்ந்தவர் அவர். 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், அகத்தியமலைப் பகுதியில் களப்பணியின்போது நேர்ந்த விபத்தால் உயிர்நீத்தார். மலையை ஆராய்ந்து மலையிலேயே வாழ்வை முடித்தவரின் பெயர் அம்மலைத்தொடரின் உயிர் ஒன்றிற்கு அமைந்தது. பூபதி என்னும் சொல்லுக்கு மண்ணை ஆள்பவன் என்பது பொருள். மண்ணுள் வாழும் தவளைக்கு இதனினும் இயைந்த பெயர் வாய்த்தல் அரிது.

ஆயினும், மக்கள் நாவில் வழங்கும் தமிழ்ப் பெயர் இதற்கு யாது? ஊதாத் தவளை என்றும் பன்றிமூக்குத் தவளை என்றும் எழுதப்படுபவை ஆங்கிலத்தின் பெயர்ப்புகளே. மலைக்கு அப்பால் நிலை வேறு. ஆண்டுக்கொரு முறை பாதாளத்திலிருந்து மேலே வரும் மாவலி மன்னனின் ஓணக் கதையை இத்தவளையோடு பொருத்தி, ‘மாவேலித் தவளை’ என்றும் ‘பாதாளத் தவளை’ என்றும் மலையாளிகள் அழைக்கின்றனர். தம் கதையோடு பிணைத்துப் பெயரிட்டதனால், கேரளத்தில் அத்தவளைக்கு மக்கள் நடுவே ஓர் இடம் கிடைத்தது. அதனை மாநிலத்தின் தவளையாக அறிவிக்க வேண்டும் என்னும் கோரிக்கையும் அங்கு எழுந்தது.

பெயர் காக்கும் என்பதற்குத் திருவில்லிபுத்தூர் மலையே சான்று. சாம்பல் நிற மலையணிலின் பெயரால் 1988-இல் அங்கு ஒரு சரணாலயம் அமைந்தது. 2021-இல் புலியின் பெயரால் திருவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகம் 1,016.57 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் உருவாயிற்று. அணிலின் நிழலிலும் புலியின் நிழலிலும் நுணலும் ஒதுங்கி வாழ்கிறது. அவ்விரு விலங்குகளும் கண்ணுக்குப் புலப்படுவன, பெயரால் அறியப்பட்டன. மண்ணுக்குள் இருப்பதற்கோ அதன் சொல் ஒன்றே அடையாளம்.

பழமொழியின் தவளை, கதையின் தவளை என்னும் இரண்டனுள் மலைநுணலுக்குப் பொருந்துவது எது என்னும் வினாவிற்கு இங்கு விடை கிடைக்கிறது. குரல் இந்நுணலைக் கெடுக்கவில்லை. அக்குரலைப் பதிந்து ஆராய்ந்ததனால்தான் அது தனியினம் என்பது உறுதிப்பட்டது. தன் வாயால் வாழ்ந்த நுணல் இது. இதற்குக் கேடு வருமாயின் அது கதையின் வழியிலேயே வரும்; காக்க வேண்டிய கையே அறியாது வில்லை ஊன்றுவதால் வரும். இராமபிரான் தவளையை வெறுத்து வில்லை ஊன்றவில்லை. அங்கு ஓர் உயிர் இருப்பதை அறியாமையால் ஊன்றினார். அணை கட்டுவோரும் சாலை இடுவோரும் அவ்வாறே. அறியாமை நீங்க வேண்டுமாயின் பெயர் பரவுதல் வேண்டும்.

எனவே இவ்வுரை இரண்டு கருத்துகளை அவையின் முன் வைக்கிறது. முதலாவது, பழமொழிக்குள் ஒடுங்கிக் கிடக்கும் நுணல் என்னும் சொல்லை மீட்டு, இத்தவளையைப் ‘பூபதி நுணல்’ என வழங்குதல். பள்ளிப் பாடங்களிலும் இதழ்களிலும் இச்சொல் இடம்பெறின், பழந்தமிழ்ச் சொல்லும் பிழைக்கும். அச்சொல் குறிக்கும் உயிரும் பிழைக்கும். இம்மலைகளில் வாழும் பளியர் மக்களின் நாவில் இதற்கு ஒரு பெயர் இருக்குமாயின், அதுவே முதற்கண் ஏற்கத்தக்கது. காட்டை அறிந்தோர் இட்ட பெயருக்கே முதன்மை உரியது.

இரண்டாவது, இலக்கிய வட்டத்தின் அடுத்த பத்தாண்டுப் பணி பற்றியது. இவ்வட்டாரத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன், கரிசல் மக்களின் சொற்களைத் தேடித் தொகுத்து வட்டார வழக்குச் சொல்லகராதி ஆக்கினார். பல்கலைக்கழகங்கள் நினையாத பணியை ஓர் உழவர் செய்து காட்டினார். அவ்வழியில், மலையடி ஊர்களிலும் கரிசல் ஊர்களிலும் தவளைக்கும் தேரைக்கும், அவற்றின் குரலுக்கும், அவை காட்டும் மழைக்குறிக்கும் முதியோர் வழங்கும் சொற்களை மாணவர் சென்று கேட்டு எழுதுதல் வேண்டும். எந்தத் தவளை கத்தினால் எத்தனை நாளில் மழை என்று சொல்லத் தெரிந்தவர் ஒவ்வோர் ஊரிலும் ஓரிருவரே எஞ்சியுள்ளனர். அவர் மறைந்தபின் அச்சொல்லை எந்த ஓலைச்சுவடியிலும் தேடிக் காண இயலாது.

முடிவுரை

ஐப்பசி மாதத்து இரவொன்றில் இவ்வூர்க் கண்மாய்க்கரையில் தவளைகள் ஒலிக்கும்போது, மேற்கே நீலக்கோட்டுக்குள் ஓர் ஓடைக்கரையில், மண்ணுக்குள் இருந்து ஓர் ஆண் நுணலும் குரல் கொடுத்துக்கொண்டிருக்கும். மலை இவ்வடிவு கொள்வதற்கு முன் தொடங்கிய குரல் அது. அதனைக் கேட்டு, “அது நுணல்” என்று சொல்லத் தெரிந்த ஒரு குழந்தை இவ்வூரில் வளருமாயின், இப்பத்தாம் ஆண்டு விழா பயனுடைத்து என்க.